தாழ்த்திய ஸ்விஃப்டுக்கு எந்த சஸ்பென்ஷன் போடுவது?

கேள்வி இது: 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல். முந்தைய உரிமையாளர் 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்ப்ரிங் போட்டுவிட்டு, ஷாக்ஸை (ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை) கம்பெனியுடையதாகவே விட்டுவிட்டார். வீடு வேளச்சேரி, வேலை ஓஎம்ஆர். தெரு ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுகிறது, பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் டயர் உரசுகிறது, ஜிஎஸ்டி சாலையில் 90ஐத் தாண்டினால் முன்பக்கம் மிதக்கிறது. காயில்ஓவர், அதாவது உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்ப்ரிங்-ஷாக்ஸ் செட், வாங்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. காயில்ஓவரை இதே உயரத்தில் வைத்து ஓட்டினால், இப்போது தட்டும் அதே இடத்தில்தான் அதுவும் தட்டும்; சத்தம் மட்டும் விலை உயர்ந்ததாக இருக்கும். முதலில் வண்டியை உயர்த்துங்கள். கம்பெனி உயரத்திலிருந்து 15, மிஞ்சிப் போனால் 20 மி.மீ. இறக்கம் போதும். அந்த உயரத்துக்குப் பொருந்தும் ஸ்ப்ரிங், அந்த ஸ்ப்ரிங்குக்குப் பொருந்தும் ஷாக்ஸ், புது பம்ப் ஸ்டாப் (ஷாக்ஸ் கடைசிவரை அமுங்கும்போது அடியை வாங்கும் மெத்தை), புது ஸ்ட்ரட் மவுண்ட் (முன் ஷாக்ஸின் மேல்முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் ரப்பர்), கடைசியில் முறையான அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது). இதுதான் வரிசை. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். கணக்கு தெரிந்தால் கடைக்காரர் சொல்வதை எடை போட முடியும்.

உங்கள் மூன்று புகாருக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: டிராவல் போய்விட்டது. சக்கரம் மேலே ஏறி பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை உள்ள தூரத்தைத்தான் டிராவல் என்கிறோம். கணக்குக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்வோம். கம்பெனி உயரத்தில் முன்பக்கம் 60 மி.மீ. டிராவல், ஸ்ப்ரிங்கின் விறைப்பு ஒரு மி.மீ.க்கு 20 நியூட்டன், அதாவது ஒரு மி.மீ. அமுக்க 20 நியூட்டன் விசை. குழியின் விளிம்போ மேடோ மோதும்போது ஸ்ப்ரிங் வாங்கிக்கொள்ளும் கூடுதல் ஆற்றல், விறைப்பில் பாதியை டிராவலின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். அந்த ‘வர்க்கம்’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. டிராவலைப் பாதியாக்கினால் அதே அடியைத் தாங்க ஸ்ப்ரிங் நான்கு மடங்கு விறைப்பாக வேண்டும். 40 மி.மீ. இறக்கி 20 மட்டும் மிச்சம் வைத்தால் ஒன்பது மடங்கு, அதாவது 180 நியூட்டன். சாலையில் ஓட்டும் வண்டிக்கு யாரும் போடாத ஸ்ப்ரிங் அது. சந்தையில் கிடைக்கும் தாழ்த்தும் ஸ்ப்ரிங் பெரும்பாலும் 15 முதல் 30 சதவீதம்தான் கூடுதல் விறைப்பு. மீதி அடியை யார் வாங்குகிறார்கள்? பம்ப் ஸ்டாப், அதன்பின் ஸ்ட்ரட் மவுண்ட், அதன்பின் உங்கள் முதுகு.

15 மி.மீ. மட்டும் இறக்கினால் 45 மிச்சம். விறைப்பு சுமார் 1.8 மடங்கு வேண்டும், 35 நியூட்டன் அளவு. 30 நியூட்டன் ஸ்ப்ரிங்கும் நுண்துளை நுரையாலான (மைக்ரோசெல்லுலர்) நல்ல பம்ப் ஸ்டாப்பும் சேர்ந்து இதைச் சமாளித்துவிடும். 15 என்ற எண் அழகுக்காகச் சொன்னதல்ல. கணக்கு வசதியாக நிற்கும் இடம் அது.

இனி சாலை. இந்தத் தலைமுறை ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ., வீல்பேஸ் 2,450 மி.மீ. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறிப்படி கட்டிய ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். அதன் மேல் இரண்டு சக்கரங்களும் நிற்கும்போது நடுவில் வண்டியின் அடியைத் தேடி எழும் மேடு 44 மி.மீ.தான். எவ்வளவு இறக்கிய வண்டியும் தாண்டிவிடும். நம் உள்தெருக்களில் இருப்பது அதுவல்லவே. அரையடி அகலத்தில், ஒரு நாள் ராத்திரி கொட்டி இறுகிய தார்க்கட்டி. அகலம் வீல்பேஸைவிடக் குறைவு என்பதால் அதன் முழு உயரமும் வண்டிக்கு அடியில் வந்து நிற்கும். 120 மி.மீ. உயரக் கட்டி என்றால் 120 மி.மீ. முழுதாக வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது 163ல் 40 போக 123. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஏறக்குறைய 80 கிலோ கூடும். சக்கரத்தில் 20 நியூட்டன் விறைப்பு என்றால் பின்பக்கம் 39 மி.மீ. இறங்கும். நடுப்பகுதி அதில் பாதி, 20 இறங்கும். மிஞ்சுவது 103. தட்டாமல் என்ன செய்யும்? பின் டயர் உரசுவதும் இதே 39 மி.மீ.யின் வேலைதான், ரிம் அகலமாக இல்லாதபட்சத்தில்.

ரிம் என்றதும் ஒன்றைச் சரிபாருங்கள். உயர் வேரியன்ட்டில் கம்பெனி கொடுத்த டயர் 185/65 ஆர்15, முழு விட்டம் 621 மி.மீ. தாழ்த்தியவர்கள் பலரும் 195/55 ஆர்15 போட்டுவிடுவார்கள். அதன் விட்டம் 595. அங்கேயே 13 மி.மீ. கிளியரன்ஸ் சத்தமில்லாமல் போய்விட்டது. ஸ்பீடோமீட்டரும் நான்கு சதவீதம் கூட்டிக் காட்டும். டயர் பக்கச்சுவர் 120 மி.மீ.யிலிருந்து 107 ஆகியிருக்கும், குழியில் ரிம் நெளிய அது போதும். உங்கள் வண்டியில் இந்த அளவு இருந்தால் சஸ்பென்ஷனில் கை வைப்பதற்கு முன் டயரை மாற்றுங்கள். 15 அங்குல ரிம்முக்கு 195/60, 16 அங்குலத்துக்கு 195/55; இரண்டும் பழைய விட்டத்தை ஒட்டியே வரும்.

எதையும் வாங்குவதற்கு முன் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. ஷாக்ஸின் பளபளக்கும் கம்பியில், டஸ்ட் கவரை மேலே தூக்கிவிட்டு, ஒரு சின்ன கேபிள் டையைக் கட்டிச் சிலிண்டர் தலையோடு ஒட்டி இறக்கி வையுங்கள். இறுக்கமாகவும் வேண்டாம், தானாக வழுக்கும்படியும் வேண்டாம். நான்கு ஷாக்ஸிலும் கட்டி, வழக்கமான பாதையில் வழக்கமான ஆட்களோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். அதிகம் அமுங்கிய இடத்தில் டை நின்றிருக்கும். அங்கிருந்து பம்ப் ஸ்டாப்பின் அடிவரை அளந்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். உங்கள் முன் ஷாக்ஸில் டை பம்ப் ஸ்டாப்புக்குள் புதைந்திருக்கும் என்பது என் ஊகம். பம்ப் ஸ்டாப்பே நொறுங்கித் தூளாகிப்போயிருந்தாலும் வியப்பில்லை. அப்படியானால் அந்த ஷாக்ஸை இனி நம்பாதீர்கள். பிஸ்டன் அடி வால்வில் மோதத் தொடங்கியிருக்கும்.

90க்கு மேல் மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று டேம்பிங், அதாவது ஷாக்ஸ் ஆட்டத்தை அடக்கும் பிடிப்பு, போதாமை. விறைப்பு கூடினால் தேவைப்படும் டேம்பிங் அதன் வர்க்கமூலத்தில் கூடும். 30 சதவீதம் விறைப்பான ஸ்ப்ரிங்குக்கு 14 சதவீதம், 50 சதவீதத்துக்கு 22 சதவீதம். புது கம்பெனி ஷாக்ஸால் 14 சதவீதத்தை எப்படியோ இழுத்துப் பிடிக்க முடியும். ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த ஷாக்ஸால் முடியாது. ஸ்ப்ரிங் உதைக்கும், ஷாக்ஸ் பிடிக்காது. கத்திப்பாரா மேம்பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது வண்டி ஒன்றுக்கு இரண்டு தடவை தலையாட்டினால் அதுதான். மூன்றாவது காரணம் டோ, அதாவது சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு. அதைப் பிறகு பார்ப்போம்.

சரி, என்னென்ன வாங்கக் கிடைக்கும்?

ஸ்ப்ரிங்கை ‘ஒரு ரவுண்டு கட்’ செய்வதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இன்னமும் நடக்கிறது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்ப்ரிங், தனியாக நிற்கும்போது 320 மி.மீ., விறைப்பு 20 நியூட்டன், சுமை 2,450 நியூட்டன் என்று வையுங்கள். வண்டியில் அது 122 அமுங்கி 198ல் நிற்கும். ஒரு ரவுண்டு வெட்டினால் நீளம் 267, விறைப்பு 24, அமுங்குவது 102, நிற்பது 165. ஆக 33 மி.மீ. இறங்கியது, விறைப்பு கூடியது 20 சதவீதம் மட்டும். கடையில் விற்கும் மட்டமான ஸ்ப்ரிங்கின் கணக்கும் ஏறக்குறைய இதேதான், அதனால்தான் ‘வெட்டினாலும் ஒன்றுதானே’ என்று மெக்கானிக் சொல்வார். ஒன்றல்ல. ஷாக்ஸ் முழுதாக நீளும்போது மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையே 290 மி.மீ. இருந்தால், 267 மி.மீ. ஸ்ப்ரிங் 23 மி.மீ. தொளதொளப்பாகத் தொங்கும். சக்கரம் குழியில் விழும்போது கழன்று, திரும்பி வரும்போது தட்டில் கோணலாக உட்காரும். வெட்டிய முனையும் தட்டின் பள்ளத்தில் பொருந்தாது. கேஸ் கட்டரால் வெட்டினால் அந்த இடத்தில் இரும்பின் பதமும் போய்விடும். சூடேற்றி அமுக்குவது இதைவிட மோசம். உங்களுடையது வெட்டிய ஸ்ப்ரிங்கா என்று முனையைப் பாருங்கள். கிரைண்டர் தடமோ பெயின்ட் இல்லாத வெட்டோ தெரிந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், கழற்றி எறியுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்ப்ரிங் பஃபர். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சீட் கவர் விற்கும் கடையிலேயே கிடைக்கும், ஸ்ப்ரிங் சுற்றுகளுக்கு இடையில் செருகும் ரப்பர். தாழ்ந்த வண்டியைத் தூக்க இது மலிவான வழி என்று சொல்வார்கள். உண்மையில் அது நுழைந்த இடத்துச் சுற்றை முடக்குகிறது. மிச்சச் சுற்றுகள் கூடுதல் வேலை செய்கின்றன. விறைப்பு கூடும், டேம்பிங் அப்படியே நிற்கும். ஏற்கெனவே பிடிப்பில்லாத வண்டிக்கு இதைச் செருகினால் ஸ்பீட் பிரேக்கரில் தட்டாது, ஆனால் தூக்கிப் போடும். முன் ஸ்ட்ரட்டில் கண்டிப்பாக வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி, பொருத்தி வடிவமைத்த ஸ்ப்ரிங்கும் ஷாக்ஸும். ஸ்ப்ரிங்கில் ஐபாக் நிறுவனத்தின் ப்ரோ-கிட் போன்ற மிதமான இறக்க வகை. ஸ்போர்ட்லைன் போன்ற ஆழமான வகையை விட்டுவிடுங்கள். ஷாக்ஸில் நீளத்தைக் கவனியுங்கள். பில்ஸ்டீனில் பி6 என்பது கம்பெனி நீளம். பி8 தாழ்த்திய வண்டிக்காகக் கம்பியைக் குறுக்கியது. பி12 என்பது பி8 ஷாக்ஸையும் ஐபாக் ஸ்ப்ரிங்கையும் சேர்த்த கிட். 15 மி.மீ. இறக்கத்துக்குக் கம்பெனி நீள ஷாக்ஸும் வேலை செய்யும், ஸ்ப்ரிங் முழு நீட்சியிலும் இறுக்கமாக உட்கார்ந்தால். 25க்கு மேல் போனால் குறுகியதுதான் வேண்டும். கோனியின் மஞ்சள் ஷாக்ஸில் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக்ஸ் திரும்பி நீளும்போதுள்ள பிடிப்பை, திருகிக் கூட்டலாம். ஸ்ப்ரிங்கை மாற்றியபின் பிடிப்பைச் சரிசெய்ய அது ஒன்றே போதும் என்பது என் எண்ணம். கேஒய்பி எக்செல்-ஜி கம்பெனித் தரத்துக்கு மாற்று. உயரத்தைக் கம்பெனி நிலைக்கே கொண்டுபோக நினைத்தால் நல்ல தேர்வு, அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

எந்தப் பெயரானாலும் உங்கள் வண்டியின் மாடலுக்கென்று பார்ட் நம்பர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இங்கே இரண்டு வலைகள் உண்டு. ஒன்று, வெளிநாட்டில் ‘ஸ்விஃப்ட்’ என்று விற்கும் கிட்டில் பெரும்பகுதி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கானது. அதே தலைமுறைதான், ஆனால் அதன் ஹப் (சக்கரத்தை மாட்டும் மையம்) ஐந்து போல்ட், நம்முடையது நான்கு. படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டால் பெட்டியோடு விற்க வேண்டிவரும். இன்னொன்று, இந்தியாவில் விற்கும் சில மாடல்கள் ஐரோப்பிய வண்டியைவிட உயரமாக வருகின்றன. அங்கே ‘30 மி.மீ. இறக்கம்’ என்று எழுதிய ஸ்ப்ரிங் அங்குள்ள உயரத்திலிருந்து 30. இங்கே போட்டால் 40ஐத் தாண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோ வைத்திருப்பவர்கள் இதில் அதிகம் மாட்டுவார்கள். பெட்டியில் எழுதிய எண்ணை விட்டுவிட்டு, ஸ்ப்ரிங்கின் சுமை தாங்கிய நீளத்தைக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்து நீங்களே முடிவு கட்டலாம்.

புதுப்பேட்டையில் கிடைக்கும் ‘ரீகண்டிஷன்’ ஷாக்ஸ் வேண்டாம். திறந்து, எண்ணெய் மாற்றி, வெல்டு வைத்து, கருப்பு பெயின்ட் அடித்தது. வால்வுக்குள் எதுவும் மாறாது. கம்பெனி உயர வண்டிக்கே ஆறு மாதம் தாங்குமா என்பது சந்தேகம். புது ஷாக்ஸ் வாங்கும்போதும் கையில் அமுக்கிப் பாருங்கள்: வழியில் எங்கும் காலியாக நழுவக் கூடாது. கேஸ் நிரப்பிய இரட்டைக் குழாய் வகை, விட்டதும் மெல்லத் தானாக நீளும். பெட்டியில் படுத்துக் கிடந்த இரட்டைக் குழாய் ஷாக்ஸில் காற்று எண்ணெய்ப் பகுதிக்குள் போயிருக்கும். மாட்டுவதற்கு முன் நிமிர்த்திவைத்து முழு நீளத்துக்கு நாலைந்து தடவை இழுத்து அமுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு ‘புது ஷாக்ஸே டொக் டொக் என்கிறது’ என்று திரும்பி வருபவர்கள் உண்டு.

காயில்ஓவர் மீது ஆசை விடவில்லை என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். உயரம் எங்கே மாறுகிறது? ஸ்ப்ரிங் தட்டைத் திருகி இறக்கும் வகையில், இறக்க இறக்க டிராவல் குறையும். கீழ் பிராக்கெட்டைத் திருகும் வகையில் ஷாக்ஸின் டிராவல் அப்படியே இருக்கும், உயரம் மட்டும் மாறும். இரண்டாவது வேண்டும். (அதற்கும் எல்லை உண்டு: டயர் ஃபெண்டரில் முட்டும் இடம் மாறாது.) அடுத்தது, ஸ்ப்ரிங் எத்தனை கிலோ? ஒரு மி.மீ.க்கு 6 கிலோ என்று வரும் முன் ஸ்ப்ரிங், கணக்கில் 59 நியூட்டன். முன் சக்கரத்தின் மேல் 250 கிலோ உட்கார்ந்திருக்கும் வண்டியில் அது வினாடிக்கு இரண்டரை தடவை துள்ளும்; கம்பெனி வண்டி 1.4 அளவில் ஆடும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கு அது சரி. மெட்ரோ வேலைக்காக இரும்புத் தகடு போட்டு மூடிய சாலையில் தினமும் இரண்டு மணி நேரம் என்றால் பல் கிட்டிக்கும். 3 முதல் 4 கிலோ ஸ்ப்ரிங் கேளுங்கள். பிசி ரேசிங் மாதிரி சில தயாரிப்பாளர்கள் ஆர்டரின்போதே விறைப்பைத் தேர்ந்தெடுக்க விடுகிறார்கள். மூன்றாவது, மேல் மவுண்ட் ரப்பரா, உலோகப் பந்து மூட்டான பில்லோபாலா? பில்லோபால் கேம்பரை (சக்கரத்தின் மேல்முனை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை) மாற்ற வசதி; ஆனால் மழையும் தூசியும் புகுந்ததும் கடகடக்கத் தொடங்கும். தினசரி வண்டிக்கு ரப்பர்.

30 கிளிக், 32 கிளிக் என்று விளம்பரம் செய்வார்கள். ஒற்றைத் திருகி உள்ளவற்றில் அந்தக் கிளிக் ரீபவுண்டையும் அமுக்கத்தையும் சேர்த்தே மாற்றுகிறது. மிதப்பை நிறுத்த இறுக்கினால் குழியில் அடியும் கூடும். ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அமுக்கி ‘ப்ரீலோட்’ ஏற்றினால் விறைப்பாகும் என்பதும் தவறு. ஒரே விறைப்புள்ள ஸ்ப்ரிங் எவ்வளவு இறுக்கினாலும் அதே விறைப்புதான்; உயரமும் கீழ்நோக்கிய டிராவலும்தான் மாறும். ஸ்ப்ரிங் கழன்று ஆடாத அளவு, சில மி.மீ., போதும்.

இறக்குமதி கிட் வரியோடு லட்சத்தைத் தொடும். ஈசிஆர் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு உப்புக்காற்று வேறு. திருகு மரைகளை மழைக்காலம் முடிந்ததும் துடைத்து, உலர் மசகு பூசாவிட்டால் இரண்டாவது வருடம் திருகவே வராது. உயரம் மாற்றும் வசதிக்காக வாங்கியது ஒரே உயரத்தில் இறுகிப்போய் நிற்கும்.

ஸ்விஃப்டின் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். ஸ்ப்ரிங் தனி, ஷாக்ஸ் தனி. குடும்பம் ஏறும் வண்டி என்பதால் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 5 மி.மீ. குறைவாக இறக்குங்கள், 10 மி.மீ. போதும். பின் ஸ்ப்ரிங்கின் ரப்பர் இருக்கையைக் கழற்றிவிட்டு ‘இன்னும் கொஞ்சம்’ இறக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். இரும்போடு இரும்பு உரசிப் பெயின்ட் போகும், துரு பிடிக்கும், உடையும்.

பொருத்தும் வேலையில்தான் நல்ல சாமான்கள் வீணாகின்றன. முதல் குற்றம்: லோயர் ஆர்ம் (சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் கை) போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்குவது. அந்த மூட்டிலுள்ள புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருப்பது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போது அது நிரந்தரமாக முறுக்கியபடியே இருக்கும், சில மாதங்களில் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி வைத்து, வண்டி தன் எடையில் நிற்கும்போது, பள்ளத்திலோ நான்கு தூண் லிஃப்டிலோ வைத்து இறுக்க வேண்டும். பின் பீமின் புஷ் போல்ட்டுக்கும் இதுவே. உயரத்தை மாற்றினால், புஷ்ஷைத் தொடாவிட்டாலும், ஒருமுறை தளர்த்தி இறுக்குவது அவசியம். உங்கள் முந்தைய உரிமையாளர் செய்திருக்க வாய்ப்பு குறைவு. புஷ்ஷில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஸ்ட்ரட்டின் மேல் நட்டை ஏர் கன்னால் சுழற்றுவது. கம்பி உள்ளே சேர்ந்து சுற்றும், ஆயில் சீல் பாதிக்கும். சுற்றாமல் இருக்க ப்ளையரால் கம்பியைப் பிடித்தால் குரோமில் கீறல் விழும். அந்தக் கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலைச் சுரண்டும், ஒரு மாதத்தில் எண்ணெய் வழியும். கம்பி முனையில் உள்ள பிடியில் சாவியைப் போட்டுப் பிடித்து, கைச்சாவியால் இறுக்குவதுதான் முறை. ஸ்ட்ரட் மவுண்ட், அதன் பேரிங், டஸ்ட் கவர், பம்ப் ஸ்டாப் நான்கையும் புதிதாகவே போடுங்கள். பிரித்த கூலி ஒருமுறைதான். பம்ப் ஸ்டாப் உயரமாக இருக்கிறது என்று தூக்கி எறியச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குறுகியது வேண்டுமென்றால் ஸ்ப்ரிங் கிட்டோடு வருவதைப் போடலாம், இல்லாமல் ஓட்டக் கூடாது. மாட்டி முடித்ததும் சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் இழுபடவில்லை என்று பார்க்க வேண்டும்.

அலைன்மென்ட். ஸ்ட்ரட் வகை முன்பக்கத்தை இறக்கினால் கேம்பர் கொஞ்சம் நெகட்டிவாகப் போகும், டோவும் மாறும். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ. ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பரோடு டயர் நன்றாகவே வாழும், டோ சரியாக இருந்தால். முன்பக்க மொத்த டோவை 0 முதல் 1 மி.மீ. உள்நோக்கி வைக்கச் சொல்லுங்கள். இடது வலது கேம்பரில் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்ட்ரட்டின் மேல் போல்ட்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போடலாம். அது கம்பெனி போல்ட்டைவிட மெலிந்தது என்பதால் சொன்ன முறுக்குவிசையில் (டார்க்) இறுக்கி, ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பின் பீமில் திருக எதுவும் இல்லை. அளவு கோணலாக வந்தால் எங்கோ இடித்து வளைந்திருக்கிறது என்று பொருள்.

40 மி.மீ. இறக்கியவர்கள் ‘வளைவில் ஒட்டிக்கொண்டு போகும்’ என்று நம்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலே ஏறிவிட்டால் ரோல் சென்டர் (வளைவில் வண்டியின் உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி), வண்டியின் உடல் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான கை நீளம் கூடுகிறது, சாய்வும் கூடுகிறது. ஸ்ப்ரிங் அதை ஈடுகட்டும் அளவு விறைப்பாக இல்லையென்றால், தாழ்ந்த வண்டி உயரமான வண்டியைவிட அதிகம் சாயும். 15 மி.மீ. இறக்கத்தில் ஆர்ம் ஏறக்குறைய கிடையாகவே நிற்பதால் இந்தத் தொல்லை பெரிதாக வராது. தடிமனான ஆன்டி ரோல் பார் (சாய்வைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) பின்னர் யோசிக்க வேண்டிய விஷயம். முன் பாரின் லிங்க் ராட் தேய்ந்திருந்தால் மட்டும் இப்போதே மாற்றுங்கள். பாதி ‘சஸ்பென்ஷன் சத்தம்’ அதிலிருந்துதான் வருகிறது. பாலியூரிதேன் புஷ் தேவையில்லை, சத்தம்தான் மிச்சம்.

காகித வேலை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம். போடுவதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய கம்பெனிச் சாமான்களை எடைக்குப் போடாதீர்கள். ஹெட்லைட் உயரத்தையும் வேலை முடிந்த அன்றே சரிசெய்துவிடுங்கள். எதிரே வருபவர் கண்ணும் கண்தானே.

புது ஸ்ப்ரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சில மி.மீ. அமரும். 500 கிலோமீட்டர் ஓடியபின் உயரத்தை மறுபடி அளந்து, எல்லா போல்ட்டையும் சரிபார்த்து, அலைன்மென்ட்டை இரண்டாவது முறை செய்யுங்கள். முதல் முறை செய்தது அந்த 500 கிலோமீட்டர்வரை டயர் தேயாமல் இருக்கத்தான். அதோடு கேபிள் டையை மீண்டும் கட்டி, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவின் அந்தத் தார்க்கட்டியைத் தாண்டிப் பாருங்கள். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வேலை முடிந்தது. பம்ப் ஸ்டாப்பில் பாதிவரை போயிருந்தாலும் பரவாயில்லை, அது அதற்குத்தான் இருக்கிறது. முழுதாக நசுங்கியிருந்தால் 5 மி.மீ. உயர்த்துங்கள், அல்லது ஒரு படி விறைப்பான ஸ்ப்ரிங்குக்குப் போங்கள். பம்ப் ஸ்டாப்பை மட்டும் வெட்டாதீர்கள்.